மலைக்காற்று யாருக்கு உரியது?

அறநெறியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பெரிய செய்திகளையே எடுத்துக்கொள்ளுகிறோம். கொலை, களவு, பொய், கள் ஆகியவற்றை விலக்குவது பற்றிப் பேசுகிறோம். பசித்தவனுக்குச் சோறிடுவது பற்றிப் பேசுகிறோம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், பார்வைக்குச் சிறியவையாய், ஆராய்ந்தால் ஆழமுடையவையாய் விளங்கும் வினாக்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நடக்க இயலாத ஒருவர் விடுமுறை நாளில் மலையையும் கடலையும் காண விரும்பினால், அவருக்கு வழி செய்து கொடுப்பது மற்றவர்களுடைய கடமையா? அல்லது மனமிருந்தால் செய்யலாம், இல்லையேல் விட்டுவிடலாம் என்னும்படியான உபகாரம் மட்டுந்தானா?

கம்பம்மெட்டு நம்மில் பலரும் அறிந்த ஊர். தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து காட்டு வழியே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் செல்லும் சாலை மலை விளிம்பை எட்டும் இடத்தில் அவ்வூர் அமைந்திருக்கிறது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் நம் தொழிலாளப் பெண்கள் நாள்தோறும் அவ்வழியாக ஏறி இறங்குகிறார்கள். விடுமுறை நாட்களில் அதே சாலையில் வேறொரு கூட்டமும் ஏறுகிறது. குடும்பத்தோடு வேன் பிடித்து, கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, நெடுங்கண்டத்தை அடுத்த இராமக்கல்மேடு முதலிய இடங்களுக்குச் செல்லுவோர் அவர்கள். அங்கே ஓயாது வீசும் காற்று உண்டு. அக்காற்றில் சுழலும் காற்றாலைகள் உண்டு. குறவன் குறத்தி சிலை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காலடியில் விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு உண்டு. வயலும் தென்னையும் திராட்சைத் தோட்டமும் கலந்து, கோம்பை, தேவாரம், உத்தமபாளையம் என்று ஊர் ஊராகத் தெரியும் அக்காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை.

வேன் நின்றவுடன் எல்லோரும் இறங்கி மேலே ஏறுகிறார்கள் என்று சொல்லுகிறோம். எல்லோருமா? சற்று நின்று பாருங்கள். முழங்கால் வலியுள்ள பாட்டி இருக்கையிலேயே இருக்கிறார். குழந்தையின் தள்ளுவண்டி மடக்கியபடி பின்புறம் கிடக்கிறது. சரளைக் கல்லில் அது உருளாது என்பதால், இளந்தாய் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு பாதி வழி சென்று திரும்பி வருகிறாள். பக்கவாதத்தில் விழுந்தெழுந்த பெரியவர், “நீங்கள் போய் வாருங்கள், நான் வண்டியைப் பார்த்துக்கொள்ளுகிறேன்” என்கிறார். ஒவ்வொரு குடும்பத்திலும் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எப்படியோ கிடைத்துவிடுகிறார். அவர் விரும்பித்தான் இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

என்னோடு பஞ்சாலையின் நூற்புப் பகுதியில் வேலை பார்த்த ஒருவர், முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். அவர் பிறந்த ஊர் அந்தப் பள்ளத்தாக்கில் உள்ளது. தம் ஊரை மலைமேலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. பிள்ளைகள் அவரைச் சக்கர நாற்காலியோடு ஒரு மலை விளிம்புக்கு அழைத்துச் சென்றார்கள். நாற்காலி இருபது அடிகூடச் செல்லவில்லை. முன் சக்கரம் கல்லில் சிக்கி நின்றுவிட்டது. அவர் வேனுக்குத் திரும்பினார். மறுநாள் நான் அவரிடம், “போய் வந்தாயே தம்பி, எப்படியிருந்தது?” என்று கேட்டேன். “காற்று வந்தது அண்ணே, ஊர்தான் வரவில்லை” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லுவதற்கும் ஓர் உரிமை இருக்கிறது என்றே அவர் நினைக்கவில்லை. அதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

இதனைப் பற்றி நான் பலரிடம் பேசிப் பார்த்தேன். ஐந்து விதமான மறுப்புகளைக் கேட்டேன். அவை ஒவ்வொன்றையும் நேர்மையாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது மறுப்பு இது: “நடக்க இயலாதவர் மருத்துவமனைக்கும் ரேஷன் கடைக்கும் செல்லவே வழியில்லாதபோது, மலைக்காட்சி ஒரு கேடா? முதலில் வேண்டியதைச் செய்யுங்கள். இன்பத்தைப் பின்னால் பார்க்கலாம்.” இது நியாயம்போலத் தோன்றும். ஆனால் இதே சொல் ஒரு காலத்தில் நம்மைப்போன்ற தொழிலாளரை நோக்கியும் சொல்லப்பட்டது என்பதை நினைவு கூருங்கள். கூலிக்காரனுக்கு விடுமுறை எதற்கு, ஓய்வு கொடுத்தால் கெட்டுப்போவான் என்று முதலாளிகள் பேசிய காலம் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையையும் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பையும் வகுத்தபோது, உழைப்பவன் வேலைக்காகவே பிறந்த கருவி அல்லன் என்பதை நாடு ஒப்புக்கொண்டது. உடல் தளர்ந்தவரை மருந்துக்கும் சோற்றுக்கும் மட்டும் உரியவராகக் கருதுவது, உழைப்பாளியைக் கூலிக்கு மட்டும் உரியவனாகக் கருதியதன் மறுபிறப்பே ஆகும்.

ததாகதரின் இறுதி நாட்களைச் சொல்லும் பழைய வரலாற்றில் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. எண்பது வயதில், வேசாலிக்கு அருகே கடும் நோயுற்று எழுந்த அவர், தமது உடலை, வாரால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டு ஆனந்தரிடம் கூறினார். அதன்பின் அவர் என்ன செய்தார்? ஒரு சேதியத்துக்குச் சென்று பகற்பொழுதைக் கழிக்க அமர்ந்து, வேசாலியின் இனிமையையும் அங்குள்ள சேதியங்களின் இனிமையையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அவ்வூரை விட்டு நீங்கும்போது, யானை திரும்பிப் பார்ப்பதுபோல உடல் முழுவதும் திரும்பி, கடைசி முறையாக அதனை நோக்கினார். ஆசையை வென்றவரே ஓர் ஊரின் அழகை வாய்விட்டுச் சொல்லினார் என்றால், அழகைக் காண்பது ஆசைக்கு அடிமையாவது ஆகாது. தளர்ந்த உடலுக்கு அழகு வேண்டாம் என்று அவர் கருதவும் இல்லை. பழைய வண்டியும் நல்ல இடத்தில் நிற்க உரிமை உடையது.

இரண்டாவது மறுப்பு: “அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்காகப் பெருஞ்செலவு செய்யலாமா?” 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் உடற்குறையோ மனக்குறையோ உடையோர் 2 கோடியே 68 இலட்சம் பேர். நூற்றுக்கு 2.21 பேர். அவர்களுள் நடமாட்டக் குறையுடையோர் மட்டும் 54 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இவர்களோடு, கணக்கில் சேராத முதியோர்களைச் சேருங்கள். மூட்டுவலியோரைச் சேருங்கள். கருவுற்ற பெண்களையும், குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரையும், கால் முறிந்து ஆறு மாதம் படுத்திருப்போரையும் சேருங்கள். அப்பொழுது ‘அப்படிப்பட்டவர்கள்’ என்னும் சொல் உருகி, ‘நாம்’ என்னும் சொல்லாக மாறிவிடும். பிறக்கும்போது எல்லோரும் வண்டியில் வைத்துத் தள்ளப்பட வேண்டியவர்களே. நெடுநாள் வாழ்ந்தால் மீண்டும் அந்நிலைக்கே வருகிறோம். இடையில் சில பத்தாண்டுகள் கால் நன்றாக இருக்கிறது. அந்தச் சில பத்தாண்டுகளையே மனித வாழ்வு முழுவதும் என்று எண்ணிச் சாலை அமைக்கிறோம்.

அவர்களைப் பொது இடங்களில் அதிகம் காணவில்லையே என்பீர்கள். சித்தார்த்த குமாரனின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். மகன் உல்லாசச் சோலைக்குத் தேரில் செல்லும்போது, அவன் கண்ணில் முதியவரும் நோயாளரும் உறுப்புக் குறைந்தோரும் படாதபடி சாலையைத் துடைத்து வைக்குமாறு தந்தை சுத்தோதனர் ஆணையிட்டார் என்று நூல்கள் கூறுகின்றன. காவலர்கள் எத்துணை முயன்றும் ஒரு முதியவர் எதிர்ப்பட்டார். அன்றுதான் குமாரனின் கண் திறந்தது. இன்று நம் உல்லாசச் சோலைகளின் வழியில் காவலர் எவரும் நிற்பதில்லை. படிகள் நிற்கின்றன, சரளைக் கல் கிடக்கிறது, இரு கற்களுக்கிடையே ஒடுங்கிய வாயில் இருக்கிறது. சுத்தோதனரின் காவலர்கள் செய்ய முடியாததை இவை செம்மையாகச் செய்துவிடுகின்றன. காணவில்லை என்பதனால் இல்லை என்று முடிவு செய்பவர், அரண்மனைக்குள் அடைபட்ட குமாரனின் அறியாமையில்தான் இன்னும் இருக்கிறார்.

மூன்றாவது மறுப்பு மிகக் கொடியது. நம்மவர் வாயிலிருந்தும் வருவது. “அது அவரவர் முன்வினை, நாம் என்ன செய்ய முடியும்?” அன்பர்களே, பகவானின் பெயரால் இதனைச் சொல்லாதீர்கள். மோளிய சீவகர் என்னும் பரிவிராசகர், மனிதன் நுகரும் துன்பம் எல்லாம் முன்வினையால் வருவதே என்று சிலர் கூறுவது சரிதானா என்று பகவானிடமே கேட்டார். பித்தத்தால் வருவது உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, பருவ மாறுதலால் வருவது உண்டு, கவனக் குறைவால் வருவது உண்டு, பிறர் தாக்குதலால் வருவதும் உண்டு என்று பகவான் அவருக்குப் பகுத்துக் காட்டினார். வினைப்பயன் பல காரணங்களுள் ஒன்றாகவே அங்கு வருகிறது. எல்லாம் முன்வினையே என்று சாதிப்போர் தாமே கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு.

நம் காலத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். இளம்பிள்ளை வாதம் எத்தனை குழந்தைகளின் கால்களைச் சூம்ப வைத்தது! அதையும் முன்வினை என்றுதான் சொன்னார்கள். சொட்டு மருந்து ஊர் ஊராகச் சென்றது. 2011-ஆம் ஆண்டு சனவரிக்குப் பிறகு அந்நோயின் இயற்கைக் கிருமி இந்நாட்டில் எக்குழந்தையையும் தாக்கியதாகக் காணப்படவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று அளித்தது. முன்வினையே காரணமாயின், இரண்டு சொட்டு மருந்து கோடிக்கணக்கான குழந்தைகளின் முன்வினையைக் கழுவிவிட்டதா? கழுவப்பட்டது அறியாமையே. நோய்க்கு மருந்து போலவே, படிக்குச் சாய்தளமும் மனிதன் செய்யக்கூடியது. செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டுவிட்டு வினையைக் காட்டுவது, கடன்பட்டவன் பக்கத்து வீட்டைக் காட்டுவது போன்றது.

நான்காவது மறுப்பு அன்பிலிருந்து வருவது. “வழி எதற்கு? நாங்கள் தூக்கிச் செல்லுகிறோம்” என்று இளைஞர்கள் சொல்லுகிறார்கள். அவர்களை வாழ்த்துகிறேன். அந்தக் கை நல்ல கை. ஆனாலும் தூக்கப்படுபவரின் இடத்திலிருந்து சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பலர் பார்க்க ஒரு மூட்டையைப் போல எடுத்துச் செல்லப்படுவதை எத்தனை பேர் விரும்புவர்? மேலே சென்றபின் பத்து நிமிடம் கூடுதலாக இருக்க விரும்பினால், சுமந்து வந்தவரின் முகத்தைப் பார்த்துத்தானே கேட்க வேண்டும்? தனியே சற்று இருக்க விரும்பினால் யாரிடம் சொல்லுவது? தூக்கிச் செல்லுபவர் தம் அன்பைத் தருகிறார். வழி அமைப்பவர் மற்றவருக்கு அவருடைய விருப்பத்தையே திருப்பித் தருகிறார். இரண்டும் கருணைதான். முதலாவது கருணை, கேட்டுப் பெற வேண்டியது; ஆள் இல்லாத அன்று இல்லாமற் போவது. இரண்டாவது கருணை, கல்லாகவும் மண்ணாகவும் நிலைத்து, அதைச் செய்தவர் உறங்கும்போதும் இறந்த பிறகும் வேலை செய்வது.

அசோகச் சக்கரவர்த்தி இந்த இரண்டாவது கருணையை நன்கு உணர்ந்தவர். சாலைகளில் ஆலமரம் நட்டதையும், மாந்தோப்பு அமைத்ததையும், கிணறு தோண்டி, தங்கும் இடங்கள் செய்வித்ததையும் அவர் தூணில் பொறித்து வைத்தார். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்வித்த செய்தியைக் கூறும் பாறைச் சாசனத்தில், சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் நாடுகளின் பெயரும் வருகிறது. அஃதாவது இந்த மலையின் இரு பக்கமும் அந்தச் சொல்லுக்கு உட்பட்டவையே. ஆலமரம் தன் நிழலில் வந்து நிற்பவனை, நீ யார், உனக்கு இது தகுமா என்று கேட்பதில்லை. நல்ல வழியும் அப்படித்தான்.

ஐந்தாவது மறுப்பு: “மலை செங்குத்தாக இருப்பது இயற்கை. கடற்கரை மணலாக இருப்பதும் இயற்கை. எல்லாவற்றையும் சிமெண்டு போட்டு மூடிவிட்டால் அங்கே பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?” இதில் உண்மை உண்டு. பாறையின் உச்சிக்கெல்லாம் சாய்தளம் கட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை, கட்டவும் கூடாது. இமயத்தின் உச்சிக்கு நல்ல கால் உள்ளவர்களிலும் எத்தனை பேர் செல்லுகிறார்கள்? மலை தடுப்பது வேறு, மனிதன் வைத்த படி தடுப்பது வேறு. மலை தடுக்கும்போது யாரும் அவமதிக்கப்படுவதில்லை. சீட்டு விற்கும் இடத்தில் மூன்று படி வைத்து, அதற்கப்பால் சமதரையும் வைத்துவிட்டு, இது இயற்கை என்று கூறினால் அது பொய். ஒவ்வொரு உச்சிக்கும் ஒவ்வொருவரும் ஏறியாக வேண்டும் என்பது நீதியின் கோரிக்கை அன்று. ஒவ்வொரு நல்ல இடத்திலும் ஒரு பங்கு காற்றும் ஒரு பங்கு காட்சியும் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

மேலும் ஒன்று கூறவேண்டும். வழி மறுக்கப்படுவது என்றால் என்ன என்பதை நம் சமூகத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதே கேரள மண்ணில், வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வெறும் தெருவில் நடப்பதற்காக 1924-ஆம் ஆண்டு தொடங்கி 1925 வரை மக்கள் போராட வேண்டியிருந்தது. 1927-இல் மகாடில் ஒரு குளத்து நீரைத் தொடுவதற்காக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றார். அங்கே வழியை அடைத்தது வெறுப்பு. இங்கே அடைப்பது மறதி. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆனால் அடைபட்ட வழியின் முன் நிற்பவருக்கு, அதை அடைத்தது எது என்பதனால் வழி திறந்துவிடுவதில்லை. ‘உள்ளே வராதே’ என்று பலகையில் எழுதினால் நாம் கொதித்தெழுவோம். அதையே படியால் எழுதினால் வாளாவிருக்கலாமா? தெருவுக்காகப் போராடியவர்களின் மக்கள், தாம் நடக்கும் தெருவில் பிறர் வர இயலாதிருப்பதைக் கண்டும் காணாதிருந்தால், அந்தப் போராட்டம் முழுமை பெறவில்லை என்றே பொருள்.

இது கடினமான வேலையா? நான் இருபத்தைந்து ஆண்டுகள் பஞ்சாலையில் கழித்தவன். அங்கே ஒரு புதுமையைக் கண்டேன். பஞ்சுத் திரி நிறைந்த கேன்களும், பாபின் அடுக்கிய வண்டிகளும் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு உருண்டு செல்ல வேண்டும். ஆகவே கதவடியில் நிலைப்படி கிடையாது. தரையில் அரை அங்குல மேடு விழுந்தாலும் மேஸ்திரி கொத்தனாரை அழைத்துவிடுவார். வண்டி குலுங்கினால் நூல் கெடும். நூல் கெட்டால் நட்டம். நூலுக்காகத் தரையைச் சமன் செய்ய நாம் அறிவோம். மனிதனுக்காகச் சமன் செய்யத்தான் செலவுக் கணக்குப் பார்க்கிறோம். அறிவு இல்லாமையோ பொருள் இல்லாமையோ இங்கே தடை அன்று. எதற்கு விலை வைக்கிறோம் என்பதே வினா.

செய்முறையும் எளியது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது பொதுவான அளவு. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமாயின் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரையடி உயரமுள்ள மூன்று படிகளுக்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் போதும். பலர் இதை அறியாமல் நான்கடியில் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று கருதுகிறார்கள். அதில் நாற்காலியை ஏற்றினால் அது பின்னோக்கிக் கவிழும். இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். நீண்ட சரிவில் இடையிடையே சமமான இளைப்பாறும் இடம் வேண்டும். தரை உறுதியாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளைத் தடுக்க நடப்படும் கற்கள், நாற்காலியைத் தடுக்காத இடைவெளியோடு இருக்க வேண்டும். பயன்படுத்தக்கூடிய கழிப்பிடம் வேண்டும். அது இல்லையென்று அஞ்சியே முதல் நாள் முதற்கொண்டு தண்ணீர் குடியாமல் வருவோரும், வராமலே நின்றுவிடுவோரும் பலர். இன்னொன்று: காட்சி மேட்டின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். நின்றவன் கண்ணுக்கு ஏற்றபடி நான்கடிச் சுவர் எழுப்பிவிட்டால், அமர்ந்திருப்பவர் அங்கு வந்து சேர்ந்தும் சுவரைத்தான் பார்ப்பார். மேற்பகுதியைச் சுவராக்காமல் கம்பியாக்கினால் செலவு ஏறக்குறைய அவ்வளவே. பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

மலையில் இது ஆகாது என்பார், நம் பள்ளத்தாக்கையே பார்க்கட்டும். 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்தது. அந்நீரைக் கொண்டு செல்லும் கால்வாய்கள், மேடு பள்ளத்தில் ஏறி இறங்காமல், நிலத்தின் மட்டத்தைத் தழுவி மெல்லச் சரிந்து செல்லுகின்றன. நீரால் படி ஏற முடியாது என்பதைப் பொறியாளர் மதித்தார். கொடைக்கானலில் 1872-ஆம் ஆண்டு கோக்கர் என்பவர் அமைத்த நடைபாதையும், மலையின் உச்சிக்கு ஏறாமல் அதன் இடுப்பைச் சுற்றிச் செல்லுவதே. அங்குள்ள ஏரியைச் சுற்றியும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை உண்டு. மலையில் வழி என்றால் ஏற்றம் என்று மட்டும் எண்ணுவது பழக்கத்தின் குற்றம். மட்டத்தைத் தழுவிய வழியும் மலை வழியே.

கடற்கரைக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணற்பரப்பின்மீது மரப்பலகையால் ஏறத்தாழ 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட பாதை ஒன்று, சுமார் 1 கோடியே 14 இலட்சம் ரூபாய்ச் செலவில் அமைக்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும் அலையின் நுரையை அருகிலிருந்து கண்டறியாதோர், அன்று தம் நாற்காலியோடு கடலை நோக்கிச் சென்றார்கள். இரண்டு வாரங்கள் கழிவதற்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்தது. வீண் செலவு என்று சிலர் நகைத்தார்கள். பாதை செப்பனிடப்பட்டது. புயலில் தார்ச் சாலையும்தான் பெயருகிறது; அதனால் சாலையே வேண்டாம் என்று யாரும் கூறுவதில்லை. நடப்பவர் வழி பழுதானால் பழுது என்கிறோம். நடக்க இயலாதவர் வழி பழுதானால் வீண் என்கிறோம். இந்த இரட்டை நாவைத்தான் நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஏறித் தாண்ட வேண்டிய வேலிப்படிகள் இல்லாத நடைவழிகளைத் தேசியப் பூங்கா நிர்வாகம் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. சரிவும் தரையும் நோக்கி அவற்றை ‘அனைவருக்கும்’, ‘பலருக்கும்’, ‘சிலருக்கும்’ என்று தரம் பிரித்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் தள்ளுவண்டியோடு வரும் தாயும் வீட்டிலிருந்தே தமக்கேற்ற வழியைத் தெரிந்துகொண்டு புறப்படலாம். இதில் எனக்குப் பிடித்தது அந்த நேர்மையே. எல்லா வழியும் எல்லோருக்கும் ஏற்றது என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. எது ஏற்றது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுவதும் தானம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கேரளச் சுற்றுலாத் துறையும் ‘தடையற்ற கேரளம்’ என்னும் திட்டத்தின்கீழ்ச் சில இடங்களில் சாய்தளமும் சக்கர நாற்காலியும் வைத்திருக்கிறது. அது பெருநகரங்களோடு நின்றுவிடாமல் எல்லைப்புற மலைகளுக்கும் வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2006-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, பொழுதுபோக்கிலும் சுற்றுலாவிலும் பங்குபெறுவதை மாற்றுத்திறனாளிகளின் உரிமையாகவே தன் 30-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. இந்தியா அதனை 2007-இல் ஏற்றுக்கொண்டது. அதற்கிணங்கவே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. கண்பார்வைக் குறையுடைய ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில், 2024-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பொது இடங்களை அணுகத்தக்கவையாக்கும் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் ஆகாது, கட்டாயமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குச் சட்டத்தின் விடை தெளிவு: இது கடமையே. ஆனால் சட்டம் கதவைத் திறக்கலாம். கதவுக்கு வெளியே நிற்பவரை நினைத்துப் பார்க்கும் மனத்தை நாம்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த மனத்தை வளர்ப்பது எப்படி? நம் சங்கங்கள் ஆண்டுதோறும் சுற்றுலா செல்லுகின்றன. இனிமேல் இடத்தை முடிவு செய்யும் முன், கால் இயலாதவரிடம் முதலில் கேளுங்கள். அவரால் வர முடியாத இடத்தைத் தேர்ந்துவிட்டு, ‘வருகிறீர்களா?’ என்று கேட்பது அழைப்பு ஆகாது. ஒருவர் முன்கூட்டியே சென்று, சரிவு, தரை, வாயில், இருக்கை, கழிப்பிடம் ஆகிய ஐந்தையும் பார்த்து வரட்டும். உச்சிக்குச் செல்ல இயலாத இடமாயின், வண்டி நிற்குமிடத்துக்கு அருகிலேயே காட்சி தெரியும் சமதரையைக் கண்டு, கட்டுச்சோற்றை அங்கே பிரியுங்கள். உச்சிக்குச் செல்லுவோர் சென்று வரட்டும். ஆனால் உணவும் உரையாடலும் எல்லோரும் சேரக்கூடிய இடத்தில் நடக்கட்டும். குறை கண்ட இடத்தில், பஞ்சாயத்துக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பத்துப் பேர் கையெழுத்தோடு பத்து முறை எழுதினால், பதினோராவது முறை ஒருவர் அளவுகோலோடு வருவார். பொதுப்பணியில் நான் கண்ட அனுபவம் அது.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன், கண் காணாதவரையும் காது கேளாதவரையும் கால் இயலாதவரையும் முதலில் கூவி அழைத்து உணவிட்டு, எஞ்சியதைத் தான் உண்டான். அவன் அவர்களை அழைத்தான் என்பதைக் கவனியுங்கள். வந்தால் இடுவேன் என்று அவன் இருந்துவிடவில்லை. பிச்சையில் பெற்ற சோற்றுக்கே அந்த வரிசையை ஒருவன் கடைப்பிடித்தான் என்றால், யாரும் உழுது விளைவிக்காத மலைக்காற்றுக்கும், யாரும் இறைத்து நிரப்பாத கடலுக்கும் நாம் எந்த வரிசையை வைத்திருக்கிறோம்? காற்றைச் செய்தவர் நாமல்லர். அதற்குச் செல்லும் வழியை மட்டுமே நாம் செய்கிறோம். நாம் செய்த அந்தச் சிறு பங்கில் ஒருவரை விலக்கி வைத்துவிட்டு, நம் கையில் இல்லாத முன்வினையின்மேல் பழி போடுவது அறம் ஆகாது.

ஆகவே, அன்பர்களே, விடுமுறைக்குப் புறப்படும்போது வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவதோடு நில்லாதீர்கள். அங்கே எத்தனை பேர் இறங்கினார்கள் என்றும் எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாகும் வரை நமக்கு வேலை இருக்கிறது.